ஏழில் தண்ணீர், மூன்றில் முத்துலட்சுமி

ஒன்பதாம் வகுப்பில் படிக்கும்போது உலகத்தைத் திருத்துகிற பொறுப்பு என் தலையில் வந்து விழுந்தது. நானாகப் போய்க் கேட்கவில்லை. சீட்டுக் குலுக்கிப் போட்டதில் விழுந்தது.

எங்கள் ஊர், பெருமாநல்லூரிலிருந்து குன்னத்தூர் போகிற சாலையில், டவுன் பஸ் நிற்கலாமா வேண்டாமா என்று யோசித்துவிட்டு நிற்கிற ஊர். சாலைக்கு ஒரு பக்கம் சோளக்காடு, மறுபக்கம் பனியன் கம்பெனிகள், நடுவில் பள்ளிக்கூடம். வகுப்பில் பாதிப் பேர் என்னைப் போல உள்ளூர். மீதிப் பேர், தெற்கேயிருந்து கம்பெனி வேலைக்கு வந்து லைன் வீடுகளில் குடியிருந்தவர்களின் பிள்ளைகள். ஒரே கூரை, ஒரே நீளச் சுவர், பன்னிரண்டு கதவு, கதவுக்கு ஒரு குடும்பம். அதுதான் லைன் வீடு.

அந்த வருஷம் எங்கள் சயின்ஸ் டீச்சர் ஏதோ ஒரு பயிற்சிக்குப் போய்வந்தார். போகும்போது சாதாரணமாகத்தான் போனார். வரும்போது உலகத்தையே சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வந்தார். உலக நாடுகள் எல்லாம் ஒன்றுகூடி எட்டு இலக்குகளை ஒப்புக்கொண்டிருக்கின்றன என்று சொல்லி, எட்டையும் கரும்பலகையில் எழுதினார். பசி ஒழிய வேண்டும், எல்லாப் பிள்ளைகளும் பள்ளிக்கூடம் வர வேண்டும், ஆணுக்கு உள்ளதெல்லாம் பெண்ணுக்கும் வேண்டும் என்று பலகையின் அடி வரைக்கும் போனது. நாங்கள் பயபக்தியோடு நோட்டில் எழுதிக்கொண்டோம். கடைசி பெஞ்சிலிருந்து ஒருவன் எழுந்து, இதில் எது பரீட்சைக்கு வரும் என்று கேட்டான். எதுவும் வராது என்று டீச்சர் சொன்னதும் பாதிப் பேர் பேனாவை மூடிவிட்டார்கள்.

டீச்சர் விடுவதாக இல்லை. வகுப்பை எட்டுக் குழுவாகப் பிரித்தார். குழுவுக்கு ஓர் இலக்கு. அந்த இலக்குக்காக நம்ம ஊரில் ஒரு காரியம். செய்ததை மாவட்டக் கண்காட்சியில் கொண்டுபோய் வைக்க வேண்டும். எங்களுக்கு வந்த சீட்டில் ஏழு என்று இருந்தது. சுற்றுச்சூழல். எனக்கு ஒரே சந்தோஷம். ஒரு வேப்பங்கன்றை நட வேண்டியது, பக்கத்தில் பல்லைக் காட்டிக்கொண்டு நின்று போட்டோ எடுக்க வேண்டியது, உலகம் பிழைத்துவிடும். கன்றைத் தேடிக்கூடப் போக வேண்டாம். எங்கள் தோட்டத்து வேலியோரம் தானாக முளைத்துக் கிடந்தது.

கெடுத்தவள் முத்துலட்சுமி.

குழுவில் நாலு பேர். இரண்டு பேர் நான் என்ன சொன்னாலும் தலையாட்டுகிறவர்கள். முத்துலட்சுமி ஆட்ட மாட்டாள். அதைவிட முக்கியம், அவள் பாதி நாள் வகுப்பிலேயே இருக்க மாட்டாள். இன்றைக்கு வந்தால் நாளைக்கு வர மாட்டாள். வருகைப் பதிவேட்டில் அவள் பெயருக்கு நேரே புள்ளி வைத்துக் கோலம் போட்ட மாதிரி இருக்கும். வராத நாள் பாடத்தை, வந்த நாளில் என் நோட்டைப் பார்த்து எழுதிவிட்டு, என்னைவிட அதிக மார்க் வாங்குவாள். அது எனக்கு எப்படியிருக்கும் என்று அவள் ஒரு நாளும் யோசித்ததில்லை.

டீச்சர் கொடுத்த தாளை நான் படிக்கவில்லை. அவள் படித்திருந்தாள். ஏழாவது இலக்குக்குள்ளே குடிதண்ணீர் என்று பொடி எழுத்தில் ஒரு வரி கிடந்திருக்கிறது. அதன் மேல் விரலை வைத்துச் சொன்னாள்: “ஏழுல தண்ணி இருக்கு. மூணுல நான் இருக்கேன். ரெண்டையும் சேத்துப் பாருல.”

சேர்த்துப் பார்த்தாலும் எனக்கு ஒன்றும் தெரியவில்லை. அவளே விளக்கினாள். லைன் வீட்டுக் குழாயில் ஒரு நாள் விட்டு ஒரு நாள்தான் தண்ணீர். அதுவும் காலை பத்து மணிக்கு. அப்பாவும் அம்மாவும் எட்டரைக்கே கம்பெனிக்குப் போய்விடுவார்கள். ஒன்றரை ஷிப்ட் பார்த்துவிட்டு ராத்திரிதான் திரும்புவார்கள். தண்ணீரைப் பிடித்து வைக்க வீட்டில் ஓர் ஆள் வேண்டும். அந்த ஆள் எந்த வீட்டிலும் பெண் பிள்ளைதான். பையன்கள் ஏன் நிற்பதில்லை என்று கேட்டேன். அவள் என்னைப் பார்த்த பார்வையில் மூன்றாவது இலக்கு முழுசாகப் புரிந்தது.

இன்னொன்றும் சொன்னாள், வேறெங்கோ பார்த்துக்கொண்டு. இப்படிப் பாதி நாள் பள்ளிக்கூடம் போவதற்குப் பதிலாகக் கம்பெனியில் பிசிறு வெட்டப் போகலாம் என்று அவள் அம்மா முடிவு செய்துவிட்டாராம். தைத்து வந்த பனியனில் நூல் நீட்டிக்கொண்டிருக்கும். அதை வெட்டுவதற்குச் சின்னக் கைகள் நல்லது என்பார்கள். மாசி பிறந்ததும் கம்பெனி. அப்போது மார்கழி நடந்துகொண்டிருந்தது.

நாங்கள் வேலையில் இறங்கினோம். டீச்சர் எல்லா வகுப்புப் பதிவேடுகளையும் வாங்கிக் கொடுத்தார். தண்ணீர் வந்த நாளுக்கு நீல மை, பிள்ளைகள் வராத நாளுக்குச் சிவப்பு மை என்று ஒரு பெரிய சார்ட்டில் கட்டம் போட்டு நிரப்பினோம்.  தண்ணீருக்கு நிற்கிற லைன் வீட்டுப் பெண்கள் எங்கள் பள்ளியில் பதினொரு பேர். நீலம் எங்கே விழுந்ததோ அங்கெல்லாம் பதினொரு சிவப்பும் விழுந்திருந்தது, அச்சுக்கட்டை வைத்துக் குத்தின மாதிரி. கூடுதல் தண்ணீர் வேண்டாம், புதுக் குழாய் வேண்டாம். பத்து மணிக்குத் திறக்கிறதை ஆறு மணிக்குத் திறந்தால் போதும்.

டீச்சர் அந்த சார்ட்டை வெகு நேரம் பார்த்துக்கொண்டே நின்றார். கண்காட்சி இருக்கட்டும், முதலில் இதைக் குடியரசு தினத்தன்று கிராம சபையில் வைக்க வேண்டும் என்றார். அன்றைக்குக் கம்பெனி லீவு; லைன் வீட்டுக்காரர்களும் வருவார்கள். ஒருவர் எழுந்து பேச வேண்டும். யார்?

கையைத் தூக்கினேன். எனக்கு நல்ல குரல். ஆடு காணாமல் போனால் கோயில் மைக்கில் அறிவிப்பதற்கு என்னைத்தான் கூப்பிடுவார்கள். உட்கார்ந்து எழுதினேன் பாருங்கள் ஒரு பேச்சு. உலக நாடுகளில் ஆரம்பித்து எங்கள் ஊர்க் குழாயில் வந்து முடியும். நடுவில் ஓர் இடத்தில் எனக்கே புல்லரித்தது: ‘பதினொரு மாணவிகளின் கல்வியைப் பறித்துவிட்டு, பொறுப்பில்லாமல் பத்து மணிக்குக் கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்து தண்ணீர் திறக்கும் அந்தத் தூங்குமூஞ்சியை இந்தச் சபை கேட்க வேண்டும்.’

படித்துக் காட்டினேன். தலையாட்டிகளில் ஒருவன் அன்றைக்கு மட்டும் தலையாட்டவில்லை.

“ஏன்டா, தண்ணி தொறந்து உடறது உங்க சித்தப்பன்தானே?”

எனக்குத் தெரியாததா? வால்வு திறக்கிற இரும்புச் சாவி, என் இடுப்பு உயரம் இருக்கும், எங்கள் வாசல் சுவரில்தான் சாத்தியிருக்கும். தினமும் தாண்டித்தான் பள்ளிக்கூடம் போவேன். ஆனால் சார்ட்டில் ‘தண்ணீர் திறப்பவர்’ என்று கொட்டை எழுத்தில் எழுதியபோது, அவர் எங்கோ தூரத்தில் ஃபேனுக்கடியில் உட்கார்ந்திருக்கும் அரசாங்கம் மாதிரி இருந்தார். எங்கள் வீட்டுத் தட்டில் சாப்பிடுகிறவராக எனக்குத் தோன்றவே இல்லை.

சித்தப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஒரே வாசலில் எங்களுக்கு ஒரு வீடு, அவர்களுக்கு ஒரு வீடு. அவருக்கு இரண்டு வேலை. ராத்திரி முழுக்கப் பெருமாநல்லூர்ப் பக்கம் பனியன் துணி பின்னுகிற ஒரு நிட்டிங் கம்பெனியில் மிஷின் ஓட்டுவார். காலையில் வந்து பஞ்சாயத்துத் தண்ணீர்த் தொட்டியைப் பார்த்துக்கொள்வார். நிட்டிங் சோறு போட்டது. தொட்டி மரியாதை போட்டது. முப்பத்தைந்து வயதுக்குள்ளேயே அவருக்கு வெள்ளைத் தலை. புருவமும் மீசையும்கூட வெளுப்பு. பஸ்ஸில் அவரைவிட மூத்தவர்கள் எழுந்து இடம் கொடுப்பார்கள்; மறுக்காமல் உட்கார்ந்துகொண்டு, ‘நல்லா இருங்க சாமி’ என்று ஆசீர்வாதமும் பண்ணுவார். அப்படிப்பட்ட ஆளைத்தான் ஊர் நடுவில் தூங்குமூஞ்சி என்று சொல்ல நான் ஒப்புக்கொண்டிருந்தேன்.

பிறகு எனக்கு வராத வியாதி இல்லை. கக்கத்தில் வெங்காயம் வைத்தால் காய்ச்சல் வரும் என்று யாரோ சொன்னார்கள். வைத்தேன். காய்ச்சல் வரவில்லை, வாடைதான் வந்தது. அம்மா மோந்து பார்த்துவிட்டுக் குளிக்க விரட்டினார். குரல் போய்விட்டது என்று சைகையில் சொன்னேன். மிளகுக் கஷாயம் கொடுத்தார்கள். குடித்த வேகத்தில் கத்தினேன், குரல் திரும்பிவிட்டது. கடைசியில் மானத்தை விட்டு முத்துலட்சுமியிடமே போய், நீயே பேசிவிடேன் என்றேன்.

“நான் பேசுதேன், எனக்கென்ன. ஆனா பிழைக்க வந்த பிள்ளைன்னு உக்கார வச்சிருவாவ. நீ பேசுனா உங்க சித்தப்பாவாவது காது குடுப்பாருல்லா” என்றாள். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, “பயந்தா உட்டுரு. மாசிக்கு நான் போயிருவேன். அப்புறம் நோட்டுக் குடுக்க வேண்டிய தொல்லையும் உனக்கில்ல” என்றாள்.

அதற்குமேல் வெங்காயத்தில் பிரயோஜனமில்லை.

பேசிப் பழக ஆள் இல்லாத இடம் வேண்டும். தொட்டிக்கடியில் மோட்டார் ரூம் இருந்தது. மூன்று பக்கம் சுவர், ஒரு பக்கம் துருப்பிடித்த கதவு. பள்ளிக்கூடம் விட்டதும் அங்கே போய் மோட்டாரைப் பார்த்துப் பேசுவேன். ஒரு வாரம் பேசினேன். தூங்குமூஞ்சி வரும் இடத்தில் மட்டும் ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு விதமாகக் கையை நீட்டிப் பார்த்தேன். பகலில் சித்தப்பா எங்கே படுத்துத் தூங்குகிறார் என்பதைப் பற்றி நான் ஒரு நாளும் கவலைப்பட்டதில்லை. அவருடைய கயிற்றுக் கட்டில், தொட்டி நிழலுக்காக, மோட்டார் ரூமின் பின்சுவரை ஒட்டித்தான் கிடந்தது என்பது பிற்பாடுதான் தெரிந்தது. சுவரில் ஒரு ஜன்னலும் இருந்தது.

குடியரசு தினம் வந்தது. பள்ளிக்கூட மைதானத்தில் கொடியேற்றி, ஆரஞ்சு மிட்டாய் கொடுத்து, அதே பந்தலில் கிராம சபையை ஆரம்பித்தார்கள். வழக்கமாக நோட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டு ஆட்கள் கலைந்துவிடுவார்கள். அன்றைக்கு லைன் வீட்டுப் பெண்கள் பிள்ளைகளை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்துவிட்டார்கள். பஞ்சாயத்துத் தலைவர் அம்மா நடுவில். அவர் சார்பில் கொட்டாவி விடுவதற்கு அவருடைய வீட்டுக்காரர் பக்கத்தில். சித்தப்பா கடைசியில், தன் மொபெட்டின் மேல் சாய்ந்து நின்றிருந்தார். வெள்ளைத் தலை தூரத்திலேயே தெரிந்தது.

முத்துலட்சுமி சார்ட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நான் மைக்குக்கு முன்னால் போனேன்.

“உலக நாடுகள் எல்லாம் ஒன்றுகூடி” என்றேன். ஸ்பீக்கரில் என் குரல் நன்றாக இருந்தது. அதைக் கேட்டுக்கொண்டே நின்றுவிட்டேன். அடுத்த வார்த்தை இல்லை. இன்னொரு முறை ஒன்றுகூடினேன். உலக நாடுகள் அங்கேயே கூடி நின்றன, கலையவில்லை.  சட்டைப்பையில் கைவிட்டேன், எழுதி வைத்த தாளுக்குப் பதில் ஆரஞ்சு மிட்டாய் வந்தது. அம்மாவின் முகம் தெரிந்தது. தலைவர் அம்மாவின் வீட்டுக்காரர் போதும் உக்காருங் கண்ணு என்கிற மாதிரி கையைத் தூக்கினார். சார்ட் மெதுவாகக் கீழே இறங்குவதை ஓரக்கண்ணில் பார்த்தேன்.

அப்போது கடைசியிலிருந்து ஒரு குரல், அவசரமே இல்லாமல்: “எட்டு இலக்குகளை ஒப்புக்கொண்டிருக்கின்றன. அப்படித்தான் வருமுங்க.”

எல்லோரும் திரும்பினார்கள். சித்தப்பா மொபெட்டிலிருந்து முதுகைக்கூட எடுக்கவில்லை.

“எட்டு இலக்குகளை ஒப்புக்கொண்டிருக்கின்றன” என்றேன்.

“அதில் ஏழாவது” என்றார்.

அதற்குப் பிறகு பேச்சு ஓடியது. நான் எங்கே தடுமாறினாலும் அங்கிருந்து அடுத்த வரி வந்தது. தண்ணீர் வரும் நாள், பதினொரு பெண்கள், நீல மை, சிவப்பு மை, எல்லாம் சொன்னேன். சார்ட் மறுபடி மேலே ஏறியது. லைன் வீட்டுப் பெண்கள் எழுந்து நின்று பார்த்தார்கள். ஒருத்தி தன் மகளின் பெயரைச் சார்ட்டில் கண்டுபிடித்துப் பக்கத்தில் இருப்பவளுக்குக் காட்டினாள். நான் தூங்குமூஞ்சியை மட்டும் நைசாகத் தாண்டிக்கொண்டு, “ஆகவே ஆறு மணிக்கு” என்று குதித்துவிட்டேன்.

“நடுவுல ஒண்ண உட்டுட்டியே கண்ணு” என்றார் சித்தப்பா. “கண்ணைக் கசக்கிக்கிட்டு வந்து தொறக்கற தூங்குமூஞ்சின்னு ஒரு ஆளு வருவானே. கைய நீட்டிச் சொல்லுவயே, அது. நல்லா இருந்துச்சு.”

பந்தலே சிரித்தது. அப்பா தலையைக் குனிந்துகொண்டார், தோள் குலுங்கியது. நான் அழலாமா சிரிக்கலாமா என்று தெரியாமல், சொன்னால்தான் முடியும்போலிருக்கிறது என்று கையை நீட்டிச் சொல்லியே விட்டேன். ஜனங்கள் கைதட்டினார்கள். என் வாழ்க்கையில் அப்படி ஒரு கைதட்டலை அதற்குப் பிறகு நான் வாங்கியதில்லை.

சிரிப்பு அடங்கியதும் தலைவர் அம்மா, வீட்டுக்காரரை முந்திக்கொண்டு, தானே கேட்டார்: “ஏனுங்க, ஆறு மணிக்குத் தொறக்க முடியுமுங்களா?”

சித்தப்பா தலையைச் சொறிந்தார். சித்தி உட்கார்ந்திருந்த பக்கம் ஒரு தடவை பார்த்தார்.  ஸ்பீக்கர் உய்யென்று இரைந்துகொண்டிருந்தது.

“முடியுமுங்க” என்றார்.

முத்துலட்சுமிக்கு நம்பிக்கை வரவில்லை. சார்ட்டைப் பிடித்தபடியே கேட்டாள்: “எப்பத்துல இருந்து?”

“நாளன்னைக்குத் தண்ணி முறைங்க அம்மிணி. அன்னைக்கே.”

சொன்ன நாளன்று விடியற்காலை சித்தப்பா என்னை எழுப்பிக் கூட்டிக்கொண்டு போனார். பனிக்குத் துண்டைத் தலையில் கட்டியிருந்தார். முதல் தடவை நீதான் திறக்க வேண்டும் என்று சாவியை என் கையில் கொடுத்தார். இரண்டு கையாலும் பிடித்துத் திருகினேன், திரும்பவில்லை. அவரும் ஒரு கை வைத்தார். பூமிக்கடியில் ஏதோ கனைத்தது. லைன் வீட்டுப் பக்கம் முதலில் குழாய்கள் காற்றைத் துப்புகிற சத்தம், பிறகு காலிக் குடங்களில் தண்ணீர் விழுகிற சத்தம், பிறகு ஒரு பெண் குலவை போட்டாள். தென்னாட்டுக் குலவை. அதை நான் அன்றைக்குத்தான் முதலில் கேட்டேன். சாயப்பட்டறையிலிருந்து வந்த நீல டிரம்கள் வரிசையாக நிரம்பின. முத்துலட்சுமியின் அம்மா குடத்தைத் தூக்கிக்கொண்டு எங்களைத் தாண்டிப் போகும்போது, ஒன்பதாம் வகுப்பு முடிந்தால் அடுத்து எத்தனை வருஷம் படிக்க வேண்டும் என்று என்னிடம் விசாரித்தார். எவ்வளவு வேண்டுமானாலும் படிக்கலாமுங்க என்று தாராளமாகச் சொன்னேன்.

அன்றைக்கு டீச்சர் பெயர் கூப்பிட்டபோது ஒவ்வொரு ‘உள்ளேன் டீச்சர்’க்கும் நானே பெற்ற மாதிரி பூரித்தேன். தண்ணீர் வந்த நாளில் முத்துலட்சுமி என் பக்கத்து வரிசையில் உட்கார்ந்திருந்தாள். மாசி பிறந்தது. அவள் கம்பெனிக்குப் போகவில்லை. என் நோட்டும் அவளுக்குத் தேவைப்படவில்லை. முழுப் பரீட்சையில் அவள் முதலாவது. நான் எத்தனையாவது என்பது இந்தக் கதைக்கு வேண்டாத விஷயம்.

கண்காட்சியில் எங்களுக்குப் பரிசு கிடைக்கவில்லை. வேறு பள்ளிக்கூடத்துப் பையன்கள் வேப்பங்கன்று நட்டு, பக்கத்தில் நின்று சிரித்த போட்டோவுக்கு முதல் பரிசு. அந்தக் கன்றை ஆடு தின்றுவிட்டதாகப் பிறகு கேள்விப்பட்டேன். ஒரு நாள் முழுக்கச் சிரித்தேன்.

வெற்றி வந்தால் இன்னொன்று கூடவே வரும். சுற்றி நடப்பது கண்ணில் படாது. கிராம சபைக்குப் பிறகு மூன்று நாள் சித்தி என்னோடு பேசவில்லை. அவர் காயப்போட்டிருந்த வடகத்தை நான் மிதித்ததுதான் காரணம் என்று நினைத்தேன். சித்தப்பா ராத்திரிகளில் வீட்டிலேயே படுத்தார். பகலில் பனியன் வேஸ்ட் குடோனுக்குப் போய்த் துண்டுத் துணிகளை நிறம் நிறமாகப் பிரித்துப் போட்டார். புத்தகத்துக்கு அட்டை போட எனக்கு வண்ணத் துணி கிடைத்தது. நல்ல வேலைக்கு மாறிவிட்டார் என்று சந்தோஷப்பட்டேன்.

ஒரு மாதம் கழிந்திருக்கும். ஒரு சாயங்காலம் வாசலில் எல்லோரும் உட்கார்ந்திருந்தோம். சித்தப்பா துண்டை அவிழ்த்து உதறினார். தலை கருகருவென்று இருந்தது. மீசை, புருவம், ஒன்றிலும் வெள்ளை இல்லை. கண்டுபிடித்துவிட்ட உற்சாகத்தில் கத்தினேன்: “சித்தப்பா டை அடிச்சிருக்காரு.”

“ஆமாங் கண்ணு” என்றார். “ஊரெல்லாம் சாயப்பட்டறைய வெச்சுக்கிட்டு நாம வெள்ளத் தலையோட திரிஞ்சா நல்லாவா இருக்கும்?”

எல்லோரும் சிரித்தார்கள். சித்தி மட்டும் முறத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போனார்.

பனியன் ஊரில் பிறந்தும் அதுவரை நான் நிட்டிங் மிஷினைப் பார்த்ததில்லை. கல்லூரி லீவில் ஒரு நண்பனைத் தேடி ஒரு கம்பெனிக்குள் போனேன். மிஷின்கள் சுற்றிக்கொண்டே இருந்தன. நூலிலிருந்து பறக்கிற பஞ்சு கண்ணுக்குத் தெரியாமல் மிதந்து இறங்கிக்கொண்டே இருந்தது. பேசிவிட்டு வெளியே வந்து கை கழுவும்போது கண்ணாடியைப் பார்த்தேன். வெள்ளைப் புருவத்தோடு சித்தப்பா நின்றிருந்தார். எண்ணெய் வைத்த தலையில் ராத்திரி தவறாமல் பஞ்சு படிந்தால், துண்டால் எவ்வளவு தட்டினாலும் போகாது என்றான் நண்பன். ராத்திரி ஷிப்ட் எத்தனை மணிக்கு முடியும் என்று கேட்டேன். காலை எட்டுக்கு என்றான்.

எட்டு மணி வரை மிஷினில் நிற்கிறவர் எட்டு மைலுக்கு இந்தப் பக்கம் ஆறு மணிக்கு வால்வு திறக்க முடியாது. இது கணக்கில் கெட்டிக்காரனுக்குத்தான் புரியும் என்றில்லை. சித்திக்கு அந்தப் பந்தலிலேயே புரிந்திருக்கிறது.

அன்றைக்கு வாசலில் எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தது நான்தான். எனக்கு நல்ல குரல்.